பகல் வேலை கேட்டவர்

பினாங்குத் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, ஒருவர் வேலை கேட்டு ஒரு வாரம் நடையாய் நடந்தார். வெளிறிய முகம், வெயிலில் தோலுரிந்த மூக்கு. தாம் முன்பு இரத்தக் காட்டேரியாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. சூரியனைப் பார்க்கும் ஆசையில் சாவில்லாத வாழ்வை விட்டு வந்தவர். உச்சி வேளையில் நாங்கள் நிழலுக்கு ஓடும்போது, அவர் மட்டும் படகுத்துறையில் முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்.

"பகல்ல மூட்டை தூக்குறேன் ஐயா. ராத்திரி வேலை மட்டும் வேணாம்."

"உனக்கு ராத்திரிதானே பழக்கம்? ஜாகாவா காவலுக்கு நில்லு லா," என்றேன். கூலிகள் சிரித்தார்கள்.

"அப்ப பகலெல்லாம் தூங்கணுமே ஐயா. அதுக்கா மனுசனானேன்?"

சோற்றுக்கு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். இரண்டு வருடம் பகலெல்லாம் தூங்கி, காய்ச்சலில் செத்துப்போனார்.

உண்மையில் அன்று மூட்டை தூக்கத்தான் ஆள் போதவில்லை. கூலிகளைச் சிரிக்க வைக்க நினைத்தேன், அவ்வளவுதான்.