லென்ஸை எடுத்தது நான்

எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளியில் அறிவியல் சொல்லித்தர வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், வெயிலில் லென்ஸ் பிடித்து நிலக்கரித் தூளைப் புகையவைத்தார்கள். மதில் தாண்டி அந்த வாடை வந்ததும் எனக்குக் கூசிப்போயிற்று.

நிலக்கரிச் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்து நான் ஐந்தாவது படிக்கையில் காலேஜ் சார் ஒருவர் இப்படித்தான் லென்ஸ் கொண்டுவந்து காட்டினார். வீட்டிலும் செய்துபார்க்கும் ஆசையில் அதைப் பாவாடையில் முடிந்துகொண்டேன். லென்ஸைக் காணோம் என்றதும் டீச்சர், முத்தாண்டிக்குப்பம் கிராமத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பிடித்தார்.

"குவார்ட்டர்ஸ் புள்ளைங்க எடுக்காதுங்க. நீதானடி எடுத்த?"

"இல்லீங்க டீச்சர், இவள கேளுங்க!" என்று என்னைக் காட்டினாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

ஞாயிறன்று எங்கள் கொல்லையில் நிலக்கரி இதே வாடையோடு புகைந்தது. அவள் பிறகு பள்ளிக்கே வரவில்லை.

பெயர் அஞ்சலை என்று நினைக்கிறேன். அதுகூட நிச்சயமில்லை. அந்த ஊர்க்காரர்கள் யாராவது விசாரித்து, இதில் சரியான பெயரை எழுதிவிடுங்கள்.