பனிக்கு அடியில் கிடந்த சோறு

இந்த ஊரில் வசந்தம் பூவோடு வருவதில்லை. பனி உருகத் தொடங்கியதும் முதலில் தலைகாட்டுவது குப்பைதான். கோப்பிக் கப், சிகரெட் கட்டை, நாய்ப் பீ, யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறை. பனிக்கால மாரி முழுக்க எறிந்ததெல்லாம் ஏப்ரலில் வெளியே வந்துவிடும். எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் அந்த ஆண்டு, லாசால் பகுதியில் நாங்கள் இருந்த மாடிவீட்டுப் பல்கனிக்குக் கீழே சோறு கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. அப்பா காலமான மறுவருடம் அம்மாவை ஸ்பொன்சர் செய்து இங்கே எடுத்திருந்தேன். அப்பா போன நாளிலிருந்து, காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் அம்மா சாப்பிட உட்கார்ந்ததில்லை. அங்கே வீட்டு மதிலில் வைத்துக் கை எடுக்கமுன் காகம் வந்துவிடும். சிந்தியதைக் கோழி பார்த்துக்கொள்ளும், அதிலும் மிஞ்சியதை நாய். எங்கள் முற்றம் சுத்தமாக இருந்தது எங்கள் கெட்டித்தனம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இங்கே, நான் புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலைக்குப் போனபின், அம்மா பல்கனியிலிருந்து ஒரு பிடி எறிந்திருக்கிறார். அன்றோ மறுநாளோ பெய்யும் பனி அதை மூடிவிடும். எட்டிப் பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்பா வந்து சாப்பிட்டுவிட்டார் என்று மாரி முழுக்க நிம்மதியாக இருந்திருக்கிறார்.

கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் வந்து கதவைத் தட்டினார். இது என்ன, எலியல்லவா வரும், இந்தக் கிழமைக்குள் அள்ளாவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன் என்றார். "மோன் பேர்", அதாவது என் அப்பா, என்றேன். என் அப்பாவுக்கு வைத்தது என்று சொல்லத்தான் பார்த்தேன், என் பிரெஞ்சு அவ்வளவுதான். "அப்பாவை உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு கொடுங்கள்" என்றார், முகத்தைச் சுளித்து. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

அம்மா பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஊறிப் பழுப்பேறி நாறிக் கிடந்தது.

"தம்பி, அப்ப கொப்பர் மாரி முழுக்க ஒண்டுமே சாப்பிடேல்லையே?"

நாள் முழுக்க நின்ற கால் கடுத்தது. "இனி எறியாதேங்கோ அம்மா. இஞ்ச போட்டது போட்ட இடத்திலயே கிடக்கும். நாங்கள்தான் அள்ள வேணும்."

"ஓம்" என்றார். மறுநாள் காகத்துக்கு வைக்காமலே சோற்றுக் கோப்பையை எடுத்தார், இரண்டு வாயோடு மூடிவைத்தார். சுத்தமாக இருக்கச் சொன்னது பிழையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை, பனி அள்ளும் சவலால் சோறு முழுவதையும் வழித்துக் கறுப்புப் பையில் கட்டி வீதியோரம் வைத்தேன். திரும்பி நாலடி வைக்கவில்லை, பின்னால் சத்தம். ஒரு காகம் பைமேல் நின்று கிழித்துக்கொண்டிருந்தது. சோறு நடைபாதையெங்கும் சிந்தியது. சவலை ஓங்கிக்கொண்டு ஓடினேன்.

"கலைக்காதை தம்பி! சாப்பிடட்டும்!" பல்கனியிலிருந்து அம்மா கத்தினார். கீழ்வீட்டில் மதாம் யன்னலைத் திறந்தார். ஓங்கிய சவலை இறக்கவும் முடியாமல் வீசவும் முடியாமல் நான் அப்படியே நின்றேன்.