நீச்சலுடைச் சுற்று

அக்காவின் ஈரத்தலையிலிருந்து வரும் குளோரின் வாடைதான் டெக்ஸஸில், ஆலன் நகரத்து எங்கள் வீட்டில், கோடைக்காலம். குளியலறைக் கம்பியில் அவளுடைய நீச்சலுடை சொட்டிக்கொண்டே இருக்கும். அம்மா அதை "அந்தக் கந்தல்" என்பாள். குடியிருப்பின் நீச்சல் அணியில், நால்வர் மாறி மாறி நீந்தும் ரிலே போட்டியில், வேகமானவளுக்கே தரும் கடைசியாகக் குதிக்கும் இடம் அந்த வருடம்தான் ப்ரியா அக்காவுக்குக் கிடைத்திருந்தது. இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது.

அப்போதுதான் தொலைக்காட்சியில் சர்வதேச அழகிப் போட்டி வந்தது. இந்தியப் பெண் ஒருத்தி கடைசிச் சுற்றுகளுக்கு வந்துவிட்டாள் என்றதும் பக்கத்து வீட்டு மாலா ஆன்ட்டி ஒரு தட்டு பஜ்ஜியுடன் வந்து சோபாவில் இடம்பிடித்தார். முத்தக் காட்சி வந்தாலே ரிமோட்டைத் தேடும் அம்மா, நீச்சலுடைச் சுற்றைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தலையில் மகுடம் ஏறியபோது கண் கலங்கினாள். ஆன்ட்டி அக்கா பக்கம் திரும்பினார்.

"ஹைட்டு, முகக்களை எல்லாம் இவளுக்கும்தான் இருக்கு. வெயில்ல ஸ்விம் பண்ணிப் பண்ணி இப்படிக் கறுத்துட்டாளே! எப்படி விட்டீங்க?"

மறுநாள் காலை அம்மா அக்காவிடம், "கோச்சுக்கு போன் பண்ணிட்டேன். இனிமே நீ வரலேன்னு" என்றாள்.

"சாட்டர்டே ஃபைனல்ஸ், அம்மா!"

"போதும்டி. அந்தப் பொண்ணு எப்படிப் பளிச்சுனு இருந்தா, பாத்தேல்ல?"

"ஷி டிட்ன்ட் ஈவன் கெட் வெட்."

உண்மைதான். அந்த மேடையில் தண்ணீரே இல்லை.

சனிக்கிழமை, ஜன்னல் வழியே நீச்சல் குளத்தின் விசிலும் கூச்சலும் கேட்டுக்கொண்டிருக்க, அம்மா பூசிவிட்ட கடலைமாவும் தயிரும் முகத்தில் காய்ந்து இறுக, அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே மட்டும் மாவு கரைந்திருந்தது. கம்பியில் நீச்சலுடை இல்லை.

அந்த அழகியின் பெயர் இன்று அம்மாவுக்கு நினைவில்லை. சில போட்டிகளில் நீச்சலுடைச் சுற்றையே எடுத்துவிட்டார்களாம். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குளத்தோரம் குடை நிழலில், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு அவள் உட்கார்ந்திருக்க, தண்ணீரிலிருந்து மகள் கத்தினாள்: "அம்மா, கேன் யூ ஸ்விம்?"

அக்கா தயங்கவே இல்லை.

"தெரியாதுடா, கண்ணா" என்றாள்.