கைப்பட்டை எண்ணிய பேச்சு

அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் நாற்பது பெண்கள் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு ரேடியோக்கா என்று பட்டப்பெயர் வைத்ததில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவள் வாயைத் திறந்தால் சுவர்க் கடிகாரம்கூட ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் நகரும். மாடியில் பிறந்த குழந்தை ஒன்று, அவள் கதை முடியட்டும் என்று தன் முதல் அழுகையைத் தள்ளிப்போட்டதாம். வாயோடு நின்றதா? கைகளும் சேர்ந்து பேசும். பக்கத்து வீட்டுக்காரி பேருந்தைத் துரத்திய கதை என்றால் வலக்கை பேருந்து, இடக்கை பக்கத்து வீட்டுக்காரி. இரண்டும் மேசை நீளத்துக்கு ஓடும்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் எல்லோர் மணிக்கட்டிலும் கறுப்புப் பட்டை மாட்டிவிட்டார். கை போய்வருவதை அது எண்ணும். இன்னார் இத்தனை விரிப்பு தேய்த்தார் என்று சுவர்த்திரையில் காட்டும். அரை நிமிடம் கை நின்றால் உறுமும். மூக்கைச் சொறியவே பெண்கள் நேரம் பார்க்க வேண்டியதாயிற்று.

“இனிமே யாரும் யாரையும் மேய்க்க வேண்டாம். எல்லாருக்கும் விடுதலை!” என்றார் மேலாளர். மனதார நம்பித்தான் சொன்னார், பாவம்.

ஒரு வாரத்தில் திரையின் உச்சியில் ரேடியோக்கா. ஒரே நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு விரிப்பு! மற்றவர்கள் முந்நூற்றைத் தாண்டவில்லை. பக்கத்து மேசையில் தேய்க்கும் அவளுடைய நாத்தனாருக்கு முழங்கால் வலி. அவள் இருநூற்று நாற்பது.

“அண்ணி, இதுல நீ தேய்ச்சது எவ்வளவு, கதை விட்டது எவ்வளவு?”

“பொறாமைடி உனக்கு” என்றாள் ரேடியோக்கா. அவள் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். பேசியதற்காக வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கியவளுக்கு அது இனிக்காமல் என்ன செய்யும்?

அடுத்த திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. ஒருத்தரால் முடிந்தது எல்லோராலும் முடியும். இனி அறுநூறுதான் அளவு. மாதக் கடைசிக்குள் எட்டாதவர்கள் வேலையை விட்டுப் போகலாம். அந்தப் பட்டியலில் முதல் ஆள் நாத்தனார்.

நாத்தனார் அன்று ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்ததும் ரேடியோக்காவின் கதை பாதியிலேயே நின்றுவிட்டது.

வீட்டில் கல்லூரி மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா, சத்தமே இல்ல, உடம்புக்கு என்ன?”

ரேடியோக்கா நடந்ததைச் சொன்னாள்.

“என் பாடமே இதுதாம்மா! கருவி மனுசனை விடுவிக்குமா, அடக்குமான்னு கேள்வி. எதை எண்ணணும், எதை விட்டுடணும்னு கருவியைச் செய்யும்போதே யாரோ முடிவு பண்ணிடறாங்க. அப்புறம் அந்த ஆள் நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல, நம்பர் மட்டும்தான் தெரியுது. நம்பரை யாரு எதிர்த்துப் பேசுவா?”

“அப்ப என் மாமியார் மாதிரின்னு சொல்லு.”

“பாட்டியை விடு. அத்தைக்கு என்ன வழி?”

மறுநாள் ரேடியோக்கா மேலாளர் அறைக்கே போனாள். படமும் பெருமையும் போகும். ஏமாற்றினாள் என்று வேலையும் போகலாம். போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

“சார், அது நான் தேய்ச்சதில்ல. பேசினது.”

“கருவி பொய் சொல்லாதும்மா!”

“அது பொய் சொல்லல சார். கை போய்வந்தா தேய்க்கறதுன்னு அதுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க. அவங்க ஒரு விரிப்பாவது தேய்ச்சிருப்பாங்களா? நீங்களே போட்டுப் பாருங்க.” தன் பட்டையைக் கழற்றி அவர் மணிக்கட்டில் மாட்டினாள். “இப்ப சொல்லுங்க, இது ஏன் தப்பாகாது?”

மேலாளர் சொன்னார். மேசையைத் தட்டினார், வானத்தைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்து வரைபடம் போட்டார். கால் மணி நேரம் கழித்துக் கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். சுவர்த்திரையை எட்டிப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழாமலே, ரேடியோக்கா கணக்கில் அவர் நாற்பத்தேழு விரிப்பு தேய்த்திருந்தார்.

“சார், மடிக்கறதையும் கத்துக்கிட்டா வேலை நிரந்தரம்தான்!” என்று ஒரு குரல்.

முகம் சிவந்த மனிதர், கொஞ்ச நேரத்தில் தானும் சிரித்துவிட்டார். அறிவிப்பைக் கிழித்துவிட்டு, “அப்ப எதைத்தான் எண்ணறது?” என்று கேட்டார்.

அந்தப் பெண்களை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. மூன்று நாள் சாப்பாட்டு வேளையெல்லாம் சண்டை போட்டு முடிவெடுத்தார்கள். கை நின்றால் பட்டை உறுமாது. ஒருத்தி ஒரு மணி நேரம் கால்கடுக்க நின்றால் உட்காரச் சொல்லி உறுமும். திரையில் யார் கணக்கும் வராது. எந்த வார்டுக்கு விரிப்பு வேண்டும் என்று மட்டும் வரும்.

பேச்சும் வேலைதான் என்று ரேடியோக்கா கொண்டுவந்த தீர்மானம் மட்டும் மூன்று ஓட்டில் தோற்றது. அந்த அநியாயத்தை அவள் மாலைவரை விவரித்தாள். எதிர்த்து ஓட்டுப் போட்ட நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, “அப்புறம் என்னாச்சு அண்ணி?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.