வெட்டாமல் பார்த்த வேல்

கருப்பம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் ஈப்போ ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. கூட்டிப் பெருக்குகிற வேலைதான். ஆனால் காயத்துக்குக் கட்டுப் போடும் பெரிய டிரஸ்ஸரே அவள் துடைத்த ஈரத்தரையில் கால் வைக்க யோசிப்பார். அப்பேர்ப்பட்டவளைத் தேடி, கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சீனிக் கங்காணி துணியில் சுற்றிய ஒரு பித்தளை வேலோடு வந்தார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்த அவள் புருஷன் ஐயாவு தோட்டத்துக் கோயிலுக்குச் செய்த வேல் அது. இரண்டு தகடுகளை ஆணியடித்துச் சேர்த்து, நடுவில் செப்புக் கம்பி வைத்ததாகச் சொல்லியிருந்தான். தைப்பூசத்தன்று கை நழுவி விழுந்ததிலிருந்து உள்ளே என்னவோ கடகடக்கிறது.

“கோயில் குடுத்த செப்புக் கம்பிய வித்துக் குடிச்சுட்டு, உள்ள கல்லப் போட்டுட்டான்னு தோட்டமே பேசுது. வெட்டிப் பாக்கப் போறோம். ஒனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார் கங்காணி.

“முருகன் வேலயா வெட்டுவீங்க? மூளி வேலுக்கு எவன் பூச போடுவான்? ஒங்க கை வெளங்குமாண்ணே?”

சாமிக்காகக் கத்துகிறாள் என்று அவர் நினைத்தார். அது பாதிதான். கள்ளுக்கடை வாசலை மிதித்துவிட்டால் ஐயாவுக்குத் தலைகால் புரியாது. உள்ளே கல்தான் இருக்கும் என்று அவளுக்கே பயம். செத்தவனை ஊர் திருடன் என்று சொன்னால் அவளால் தாங்க முடியாது.

சத்தம் கேட்டு எக்ஸ்ரே எடுக்கிற அருளம்பலம் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“ஏன் வெட்டுறியள்? மெல்லிய தகடுதானே. எலும்பைப் பாக்கிற மாதிரி இதையும் பாக்கலாம். தாங்கோ.”

“பித்தளைக்குள்ளயா? கத விடாதீங்கய்யா!” என்று அவள் மறிப்பதற்குள் கங்காணி அதை அவரிடம் கொடுத்துவிட்டார்.

உள்ளே இயந்திரம் சடசடவென்று பொரிந்தது. கதவுக்கு வெளியே அவள் முருகா முருகா என்று நின்றாள்.

அருளம்பலம் வெளியே வந்து, ஈரம் சொட்டும் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். கறுப்பின் நடுவே சாம்பல் நிறத்தில் வேல். அதற்குள் அடிமுதல் நுனிவரை வெள்ளை வெளேரென்று செப்புக் கம்பி!

“ஒரு ஆணியின்ர தலை முறிஞ்சு விழுந்திருக்கு. சத்தம் போடுறது இதுதான்” என்று ஒரு சிறு புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

“அடேயப்பா! வெட்டாமலே உள்ள பாத்துட்டோமே!” கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஐயாவு சொக்கத்தங்கம்லா!”

கருப்பம்மாள் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். எவர் கண்ணும் படாத உள்பக்கத்திலும் கம்பியை ஒட்டி ஆணிகளை நூல் பிடித்தாற்போல வரிசையாக அடித்திருந்தான்.

“ஊரு நம்பலன்னு சண்டைக்கு நின்னேனே அண்ணே, நானும்தானே அவர நம்பல” என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.