லட்சுமி படத்துக்கு ஐம்பது காசு

நாக்கு நுனியில் தபால் தலைப் பசை... முதலில் லேசான இனிப்பு, அப்புறம் ஒரு கசப்பு. ஒரே நாளில் நூறு உறைக்கு ஒட்டினால், மத்தியானம் சாப்பிடும் மீ கோரெங் நூடுல்ஸிலும் அதே ருசிதான். தண்ணீர் தொட்டு ஒட்டலாம் என்று தெரியாமல் இல்லை. இருந்த அவசரத்தில் அதெல்லாம் எங்கே?

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவைக்கடை. கீழே கடை, மாடியறையில் நானும் ஒரு டைப்ரைட்டரும். ஜொகூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து கடிதம் வரும். புடவைப் படங்கள் போட்ட கேட்டலாக் ஒன்றை நான் தபாலில் அனுப்புவேன். அவர்கள் அதிலுள்ள ஆர்டர் படிவத்தை வெட்டி, நிரப்பி அனுப்பினால் புடவை பார்சலில் போகும். ஏற்பாடு அதுதான்.

கேட்டலாக் கேட்டுக் கடிதம் மூட்டை மூட்டையாக வந்தது. ஆர்டர்தான் வரவே இல்லை!

முதலாளி தினமும் மாடியேறி வந்து புலம்புவார்.

"ஏம்மா ஸ்டெல்லா, ஓசியில குடுத்தா எவன் மதிப்பான்? வாங்கி அலமாரிக்கு அடியில விரிக்கிறானுங்க. இனிமே கேட்டலாக்குக்கு ஐம்பது காசு. ஸ்டாம்பா அனுப்பச் சொல்லிடு."

"நம்ம பொருளக் காட்டுறதுக்கே காசு கேட்டா வாங்குறவங்க கோவிச்சுக்குவாங்க முதலாளி. ஆர்டர் வர்றப்பவாவது அதக் கழிச்சுக் குடுப்போம்."

"கழிக்கிறதாவது! சொன்னத எழுதும்மா. தீபாவளிக்குள்ள ஆர்டர் வரல, இந்த மாடியில சரக்கு அடுக்கப் போறேன்."

சரக்கு வந்தால் டைப்ரைட்டர் போகும், நானும் போக வேண்டியதுதான். அப்பா துறைமுகத்தில் கால் ஒடிந்து வீட்டில் படுத்திருந்தார். நான் கொண்டுபோனால்தான் சோறு. அது முதலாளிக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

எழுதினேன். திட்டிப் பத்துக் கடிதம் வந்தது. 'காலண்டர்கூட சும்மா குடுக்குறானுங்க, உங்க கடை விளம்பரத்துக்கு நாங்க காசு குடுக்கணுமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கும் நான்தான் பணிவாகப் பதில் டைப் அடிக்க வேண்டும்.

ஆனால் கூத்தைக் கேளுங்கள்... ஸ்டாம்பும் வந்தது! இரண்டு பிரதி, மூன்று பிரதி வேண்டும் என்று அனுப்பினார்கள். காசு கொடுத்து வாங்குகிறார்கள், ஆனால் ஒரு புடவை, ஒரே ஒரு புடவை கேட்க மாட்டேன் என்கிறார்கள். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தக் கேட்டலாக்கை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்கிறார்கள்?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முனியம்மா என்பவர் எழுதினார்.

'எங்களுக்கு நாலு புடவ வேணும். ஆனா படத்த வெட்டி அனுப்பச் சொல்லிப் போட்டிருக்கீங்க. மகாலட்சுமி கழுத்துல கத்திரிக்கோல் வைக்க யாருக்கு மனசு வரும்? எங்க தோட்டத்து லயத்துல எல்லா வீட்டுலயும் சாமி மாடத்துல வச்சிருக்கோம். நீங்கல்லாம் சாமி கும்புடுற ஆளுங்கதானா?'

கேட்டலாக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கடைசித் தாளில் வண்ணத்தில் லட்சுமி படம். அதன் பின்பக்கம் ஆர்டர் படிவம். வெட்ட வேண்டிய புள்ளிக்கோடு சரியாக லட்சுமி கழுத்தில் போகிறது.

அந்தத் தாளை அப்படி அமைத்தது வேறு யாருமில்லை, நான்தான். ஒரு தாள் மிச்சமாகுமே என்று பெரிய சாமர்த்தியமாக நினைத்துச் செய்தேன். முதலாளி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். அவரும் பார்த்தார். புடவை விலை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், அதனால் தோன்றவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மாதா படம் இருக்கிறதே என்று போன வருஷத்துக் காலண்டரை அம்மா கழற்றாமல் சுவரிலேயே வைத்திருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் யாரிடமும் சொல்லவில்லை. 'படத்தை வெட்ட வேண்டாம். வேண்டியதைச் சாதாரணத் தாளில் எழுதி அனுப்பினால் போதும்' என்று முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் கார்டு போட்டேன். நாக்கு வெந்துபோயிற்று.

இரண்டே வாரம். ஆர்டர் கொட்டியது. பார்சல் கட்ட ஆள் போதாமல் முதலாளி மனைவியே மாடியேறி வந்து சணல் முடிந்தார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா ஸ்டெல்லா? காசு வாங்குனேன், மதிப்பு வந்துச்சு!"

நான் அடுத்த பார்சலுக்கு முகவரி எழுதினேன். அந்தத் தாளை அமைத்ததே நான்தான் என்று சொன்னால் வேலை போகும். கல்யாணமாகி நான் வேலையை விடும்வரை, கடைக்கு வருகிற போகிறவரிடமெல்லாம் அந்த ஐம்பது காசுப் பெருமையை அவர் அளப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். எனக்கென்று ஒரு கேட்டலாக் எடுத்துக்கொண்டதற்குக்கூட மனிதர் ஐம்பது காசு வாங்கிவிட்டார்!

இப்போது எண்பது வயதில் மார்சிலிங் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்திருந்தால், கேட்காமலே போனில் வந்து விழுகிறது... புடவை, சட்டி, செருப்பு, எல்லாம் ஓசிப் படம். கட்டைவிரலால் தள்ளுகிறேன். தள்ளினதும் என்ன பார்த்தேன் என்றே நினைவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பைக்குக் காசு கேட்டால் மட்டும் எனக்கு முதலாளி முகம் வந்துவிடுகிறது.

போன வாரம் பேத்தி அலமாரியை ஒழித்தாள். அந்தக் கேட்டலாக் கையில் கிடைத்தது. கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

"நாம சர்ச்சுக்குப் போறவங்க பாட்டி, லட்சுமி படம் எதுக்கு? மெமரிக்கு அந்த ஃபார்ம மட்டும் கட் பண்ணி வச்சுக்குங்க லா." கத்திரிக்கோலையும் நீட்டினாள்.

வாங்கினேன். புள்ளிக்கோட்டில் வைத்தும் பார்த்தேன்.

கத்திரிக்கோலை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்டலாக்கைப் பைபிளுக்கு அடியில் வைத்துவிட்டேன். படிவம் இன்னும் நிரப்பாமல்தான் இருக்கிறது.