எறும்புக்கடி என்று சொன்ன வாய்

லத்தீஃபா மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். பசை கட்டி தட்டக் கூடாது, அடிப்பிடிக்கவும் கூடாது. கொதி வரும்போது கொஞ்சம் மயில்துத்தம் பொடித்துப் போட்டால்தான் சுவரில் ஒட்டியதைப் பூச்சி அரிக்காது, ஆடு நக்காது. ஜமுனாமரத்தூரில் அம்மை குத்தும் குழுவுக்கு ஒதுக்கியிருந்த கொட்டகையின் பின்னால், மூன்று கல்லைக் கூட்டி அடுப்பாக்கியிருந்தாள். பக்கத்தில் ஒரு கட்டு நோட்டீஸ். "அம்மை குத்துவதால் தீங்கு என்ற வதந்தியை நம்பாதீர்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து மலைக்குக் கீழேயிருந்து வந்திருந்தது. மறுநாள் வாரச்சந்தை. சந்தை கூடுவதற்குள் நூறு இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது அதிகாரியின் உத்தரவு.

ஜீப்பை நிறுத்திவிட்டு டிரைவர் மஜீத் வந்தார்.

"இன்னா லத்தீஃபா, கஞ்சி காய்ச்சறியா? எனுக்கு ஒரு டம்ளர் ஊத்து."

"மயில்துத்தம் போட்டுக்கீது பாய். குடிச்சா நேரா மேலதான்."

"அதுக்கு இன்னாத்துக்குக் கஞ்சி? வாகையடிக்காரங்களே அனுப்பி வச்சிடுவாங்க போலக்கீது." மஜீத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அதோடு நின்றது. "குப்பம்மா பொண்ணு மங்காவுக்கு மூணு நாளா காய்ச்சலாம். குத்தின கை வீங்கிப்போய்க் கீதாம். நேத்து இழுப்பு வந்து கண்ணு சொருகிட்சாம். வாசல்ல வேப்பில கட்டிட்டாங்க. ஊர்க்கவுண்டரு பாதைக்குக் குறுக்க முள்ளு வெட்டிப் போட்டுட்டாரு. நம்ம ஆளுங்க ஒருத்தரும் உள்ள வரக்கூடாதாம்."

கரண்டி நின்றது.

வாகையடி நெல்லிவாசல்நாட்டில் முப்பது சொச்சம் வீடுள்ள ஊர். எட்டு நாளைக்கு முன் குழு அங்கே போயிருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளில் பதினோரு பேருக்குத்தான் குத்தினார்கள். பிளாஸ்கில் ஐஸ் கரைந்து, மிச்சமிருந்த மருந்தான அம்மைப்பால் கெட்டுவிட்டது. பாக்கி முப்பத்தொரு பேருக்குப் பிறகு வருவதாகச் சொல்லித் திரும்பினார்கள். அந்த எட்டு நாளில் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் மூன்று பேருக்குப் பெரியம்மை வார்த்துவிட்டது. ஒருவர் செத்தும் போனார். இரண்டு மைல் தூரம். விறகுக்குப் போகிறவர்கள் தினம் கலந்து பேசிக்கொள்கிற காடு. முள் அப்படியே கிடந்தால் முப்பத்தொரு பிள்ளைகளும் அம்மைக்குத் திறந்த வாசல்.

குழுவில் குத்துகிற வேலை கிருஷ்ணனுக்கு. பேசுகிற வேலை லத்தீஃபாவுக்கு. சர்க்கார் காகிதத்தில் அவள் பிரசார உதவியாளர். ஆலங்காயத்தில் உப்பும் மண்ணெண்ணெயும் விற்ற ரஹ்மானின் மகள். புளியும் கடுக்காயும் சுமந்து மலையிலிருந்து இறங்குபவர்கள் அந்தக் கடையில்தான் மூட்டையை இறக்குவார்கள். அதனால் அவர்கள் பேச்சு அவளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். எட்டாவது வரை படித்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷம் கணவன் இறந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் இந்த வேலைக்கு வந்தாள். கூச்சம் கிடையாது, குரல் கணீரென்று இருக்கும். ஆள் எடுத்தவர்கள் பார்த்தது அதைத்தான். என்ன பேச வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வாகையடியில் ஊர் கூடும் மந்தையில், பாறைமேல் ஏறி நின்று, தகரக் குழலை வாயில் வைத்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "எறும்பு கடிச்சா மாதிரிதான் இருக்கும். ஒண்ணும் ஆவாது!"

கிருஷ்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "எட்டாம் நாள் காய்ச்சல் வர்றது சகஜம்தானேம்மா. பால் நல்லா புடிச்சிருக்குன்னு அர்த்தம். சில பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் ஏறினா இழுப்பும் வரும்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்கு யாரு சார் சொன்னது?"

கிருஷ்ணன் நோட்டீஸ் கட்டைப் பார்த்தார். "மொதல்ல இத ஒட்டிடுவோம். அதிகாரி கேப்பாரு."

"இத எத்தினி பேரு படிப்பாங்க? ஒருத்தன் படிச்சி பத்து பேருக்குச் சொல்லுவான். இன்னான்னு சொல்லுவான்? 'அம்ம குத்தினா தீங்காமே, சர்க்காரே போட்டுக்கீது'ன்னு சொல்லுவான். கேள்விப்படாதவனுக்கும் நாமளே தண்டோரா போட்ட மாதிரி."

பசைச் சட்டியை இறக்கி வைத்து அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். கிருஷ்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "போறது சரி. ஆனா தப்பு நம்ம பேர்லதான்னு வாய வுட்டுடாதீங்க. யாராச்சும் மேல எழுதிப் போட்டா வேலை போய்டும்."

வேலை போனால் சாப்பாட்டுக்கு வழியில்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

ஜீப் போகிற பாதை முடிந்து மூன்று மைல் நடை. வெயில் உச்சிக்கு வந்தபோது லத்தீஃபாவும் கிருஷ்ணனும் முள் குவியலுக்கு முன்னால் நின்றார்கள். அந்தப் பக்கம் ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி கையில் கொடுவாளோடு உட்கார்ந்திருந்தார். தலையில் முண்டாசு இல்லை. போன தடவை வெள்ளை முண்டாசோடு வீடு வீடாகக் கூட வந்த மனிதர்.

"நில்லு அங்கியே."

"கவுண்டரே, நான் மட்டும் வர்றேங்க. குத்துறவரு வரமாட்டாரு. கையில குத்துற சாமானு ஒண்ணும் இல்ல."

"வாயி கீதே. அதான் பொல்லாதது." தீர்த்தகிரி எழுந்தார். "நீ சொல்லிட்டுப் பூட்ட. உம் பேச்ச தூக்கினது யாரு? நானு. முப்பது வூட்டு வாசல்லயும் நின்னு, ஒண்ணும் ஆவாதுன்னு நான் சொன்னேன். இப்ப அது எந்தலமேல வுழுந்துக்கீது."

அப்போதுதான் லத்தீஃபாவுக்கு விளங்கியது. அந்த ஊரில் வெளியாள் பேச்சு நேரே செல்லாது. ஊர்க்காரர் ஒருவர் அதைத் தன் பேச்சாக வாசல் வாசலாகச் சொல்ல வேண்டும். பேச்சு பொய்த்தால் தூக்கியவர் முண்டாசைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மந்தைக் கல்லில் உட்காரக் கூடாது. அன்றைக்குக் கவுண்டர் ஒவ்வொரு வாசலிலும் அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னபோது, மரியாதைக்குச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அழுகிற பிள்ளைக்குச் சொல்கிற ஆறுதலாக அவள் சொன்னதை, அவர் சத்தியமாகச் சுமந்திருக்கிறார்.

நோயாளி பக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்தத் தப்பு பழக்கம். "ஒண்ணுமில்ல, சரியாய்டும்" என்று நாக்கு தானாகச் சொல்லிவிடும். சொன்னவருக்கு அது காற்று. கேட்டவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். செய்தி சொல்கிற வேலைக்கு வருகிறவர்கள் வேறு எதைக் கற்காவிட்டாலும் இதைக் கற்க வேண்டும்.

"அந்தப் பேச்சு தப்புங்க கவுண்டரே," என்றாள். "நீங்க தூக்கினதுல தப்பு இல்ல. சரக்கே சொத்த. நான் குடுத்தது. அத சொன்ன எடத்துலயே நின்னு சொல்றேன். வுடுங்க."

முள்ளுக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தீர்த்தகிரி கொடுவாள் முனையால் ஒரு கிளையை ஒதுக்கினார். "போ. ஆனா நான் தூக்க மாட்டேன். தூக்காத பேச்சுக்கு இந்த ஊர்ல பதிலு வராது."

வரவில்லை. மந்தையில் ஐம்பது பேர் நின்றார்கள். லத்தீஃபா பாறைமேல் ஏறாமல் கீழே நின்று சொன்னாள். குத்தினால் காய்ச்சல் வரும், கை வீங்கும், கொப்புளம் சீழ் வைக்கும், எட்டாம் நாளுக்கு மேல் அதிகமாகும் என்பதெல்லாம் தனக்கு முன்பே தெரியும், பயப்படுவீர்கள் என்று மறைத்துவிட்டேன் என்றாள். யாரும் நகரவில்லை. ஆண்கள் கையில் தடி இருந்தது. இன்னும் ஏதாவது பேசி அந்த மௌனத்தை நிரப்பிவிடலாமா என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு குப்பம்மாள் வந்தாள். தலை விரிந்து கிடந்தது.

"எம் பொண்ணு பொழைப்பாளா? அத மட்டும் சொல்லு."

பொழைப்பாள் என்கிற சொல் உதட்டுக்கே வந்துவிட்டது. லத்தீஃபா அதை விழுங்கினாள்.

"பொழைப்பான்னுதான் நெனைக்கிறேன் குப்பம்மா. சத்தியமா சொல்ல எனக்குத் தெரியாது."

கிழவர் துரைக்கண்ணு காறித் துப்பினார். "தகரத்துல ஊதினப்ப எல்லாம் தெரிஞ்சிது. இப்ப தெரியலியாமா!"

"அப்பவும் தெரியாதுங்க. தெரிஞ்சவ மாதிரி பேசிட்டேன். தெரிஞ்சது இப்ப சொல்றேன். குத்தின பத்தாம் நாளு, நாளன்னிக்கி, பொழுது சாயறதுக்குள்ள காய்ச்சலு எறங்கணும். எறங்கலன்னாலும், இன்னொரு வாட்டி இழுப்பு வந்தாலும், டாக்டர்கிட்ட தூக்கினு போவணும். ஜீப்பு பாதைல நிக்கும். நான் பத்தாம் நாளு வரைக்கும் இங்கயே கீறேன். போவ மாட்டேன்."

குப்பம்மாள் திரும்பி நடந்தாள். லத்தீஃபா பின்னால் போனாள். யாரும் தடுக்கவில்லை. வேப்பிலை கட்டிய வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"உள்ள வரமாட்டேன். வேப்பில இருக்கட்டும். நீயே செய்யி, நான் சொல்றேன். தண்ணி குடுத்தியா?"

"இழுப்பு வந்ததுல இருந்து குடுக்கல. பொற ஏறிடும்னு சொன்னாங்க."

"முழிச்சிக்கீறப்ப கரண்டி கரண்டியா குடு. கம்பளிய எடுத்துடு. ஈரத்துணியால நெத்தி, கழுத்து, அக்குளு தொடச்சி வுடு. இழுப்பு வந்தா ஒருக்களிச்சிப் போடு, வாயில ஒண்ணும் திணிக்காத. கொப்புளத்துமேல சாணி, சாம்பலு எதுவும் தடவாத."

மடியிலிருந்த வெப்பமானியை எடுத்து நீட்டி, அக்குளில் எப்படி வைப்பதென்று தன் கையில் செய்து காட்டினாள். வெப்பமானி வெளியே வந்தபோது நூற்று மூன்று டிகிரி. குப்பம்மாளிடம் அந்த எண்ணைச் சொன்னாள். இது அதிகம், இரண்டு குறைந்தால் நல்லது என்பதையும் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் நாலு தரம் பார்த்தார்கள். நாலு தரமும் எண்ணை வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். மூன்றாம் தரம் நூற்று மூன்றரைக்கு ஏறியது. அதையும் அதே குரலில் சொன்னாள். ஒருத்தி ஐயோ என்றாள். துரைக்கண்ணு இந்தத் தடவை துப்பவில்லை.

பொழுது விடிந்தபோது காய்ச்சல் நூற்று ஒன்று. மங்கா தானாகத் தண்ணீர் கேட்டாள். இறங்கிவிட்டது என்று ஒரு பெண் குலவை போடப் போனாள். லத்தீஃபா கையைக் காட்டி நிறுத்தினாள். "இன்னும் எறங்கல. கொறஞ்சிக்கீது. நாளைக்கி மறுபடியும் ஏறலாம்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த தீர்த்தகிரி, வெறுந்தலையோடு பக்கத்தில் வந்தார்.

"உம் பேச்ச இனிமே நான் தூக்க மாட்டேன். நீயே தூக்கு. ஒவ்வொரு வாசலா வந்து உன் வாயால சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன், அவ்ளோதான்."

முள்ளை இரண்டு பேர் இழுத்துப் போட்டார்கள். வெளியிலேயே காத்திருந்த கிருஷ்ணன் பெட்டியோடும், கொட்டகையிலிருந்து ஆள் கொண்டுவந்த புது ஐஸ் வைத்த பிளாஸ்கோடும் உள்ளே வந்தார். லத்தீஃபா முதல் வாசலில் நின்று கெட்டதிலிருந்து தொடங்கினாள்: எந்த நாளில் காய்ச்சல் வரும், கை எப்படி இருக்கும், எது வந்தால் பயப்பட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். பக்கத்து ஊரில் என்ன நடக்கிறது என்பதைக் கடைசியில் சொன்னாள். கேள்வி கேட்கும்வரை நின்றாள். அடுத்த வாசலிலும் அதையே, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள்.

முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்திரண்டு பேர் கையை நீட்டினார்கள். ஒன்பது பேரைப் பெற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, வருகிற வியாழக்கிழமை காலையில் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். பதினோரு மணிக்குக் கிருஷ்ணன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் போகவில்லை. வேப்பிலை வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, வெப்பமானியை உதறி, குப்பம்மாளிடம் நீட்டினாள்.